காவிரிக்கரைச் சமாதியும் நாகரத்தினம்மாளும்

திருவையாறு என்றதும் வெளியூர் அன்பர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஐயாறப்பர் கோயில். அடுத்தது தியாகராஜ ஆராதனை. ஆனால் ஆராதனை நடைபெறும் அவ்விடம் எவ்வாறு நமக்குக் கிடைத்தது என்பதை நம்மூர் மாணவர்களிலேயே பலர் அறியார்.

தியாகராஜ சுவாமிகள் 1767-இல் திருவாரூரில் பிறந்து, திருவையாற்றில் வாழ்ந்து, 1847 ஜனவரி 6-ஆம் நாள் மறைந்தார். முதல் மனைவி பார்வதி இறந்தபின் அவருடைய தங்கை கமலாம்பாளை மணந்தார். ஒரே மகள் சீதாலட்சுமி. மகள் வயிற்றுப் பேரனும் பிள்ளையின்றி மறைந்தமையால் வாரிசு அத்துடன் நின்றது. இறுதி நாட்களில் சுவாமிகள் துறவு பூண்டார். அவர் மரபில் இல்லறத்தாரை எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைப்பர். துறவியை மட்டுமே புதைத்துச் சமாதி எழுப்புவர். அவர் துறவு ஏற்காதிருந்தால் இன்று நாம் காட்டுவதற்கு ஓர் இடமே இருந்திராது!

(ஆராதனை ஆண்டுதோறும் வேறு வேறு தேதியில் வருவது ஏன் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அது புஷ்ய பகுள பஞ்சமி என்னும் திதியைப் பின்பற்றுவது. பன்னிரண்டு சந்திர மாதங்களுக்கு ஏறத்தாழ 354 நாட்கள்தாம். ஆகவே தேதி பதினொரு நாள் முன்னே நகர்ந்து, அதிக மாதம் வரும் ஆண்டில் பின்னே தள்ளப்படுகிறது.)

சமாதி இருந்தும் கவனிப்பார் இல்லை. 1903-இல் சுவாமிகளின் சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் வந்து பார்த்தபோது அது சிதைந்து கிடந்தது. அவர்கள் அதைச் சீர்செய்தனர். சில ஆண்டுகளில் ஆராதனை விழாவாக வளர்ந்தது. வளர்ந்த வேகத்திலேயே பெரிய கட்சி, சின்னக் கட்சி என இரண்டாகப் பிளந்தும் போயிற்று. எந்தக் கட்சியாயினும் சமாதியின் முன் பெண்கள் பாட இடமில்லை.

இந்நிலையில்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள் வருகிறார். 1878-இல் மைசூர்ச் சீமையில் தேவதாசி குலத்தில் பிறந்தவர். சென்னையில் பெரும் புகழும் பொருளும் ஈட்டியவர். முத்துப்பழனி என்ற தெலுங்குப் பெண்கவியின் ‘ராதிகா சாந்த்வனம்’ நூலை 1910-இல் பதிப்பித்தார். ஆபாசம் என்று கூறி ஆங்கில அரசு அதைத் தடை செய்தது. பிரகாசம் முதல்வராயிருந்தபோதுதான் தடை நீங்கியது. சமாதி பாழாய்க் கிடப்பதை அவருக்குக் கடிதம் மூலம் தெரிவித்தவர் அவருடைய ஆசிரியர் பிடாரம் கிருஷ்ணப்பா. அம்மையார் நிலத்தைப் பெற்று, தம் பொருளைச் செலவிட்டு, 1920-களில் சமாதியின்மேல் கோயில் எழுப்பினார். பின்னர்ச் சென்னை வாழ்வை விட்டு இங்கேயே வந்து தங்கினார்.

கோயில் கட்டியவருக்கே அங்கே பாட உரிமையில்லை என்றால் அது எத்தகைய நியாயம்? அம்மையார் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. பெண்களைத் திரட்டிச் சமாதியின் பின்புறத்தில் தனி விழாவே நடத்தினார். மூன்றாவது கட்சி! 1940-களின் தொடக்கத்தில் மூன்றும் ஒன்றாயின, பெண்களும் பாடினர்.

அம்மையார் செய்த அனைத்தையும் நான் ஏற்பவனல்லன். தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயன்றபோது இவர் எதிர்த்தார். நியாயம் டாக்டர் பக்கமே என்பது என் கருத்து. ஆனால் தம் குலத்துப் பெண்களின் கலையும் சொத்துரிமையும் என்னவாகும் என்று இவர் கேட்ட கேள்வியையும் தள்ளிவிட முடியவில்லை.

ஆராதனைக் காலம் எங்களுக்குச் சம்பா அறுவடைக் காலம். என் பெற்றோர் ஒலிபெருக்கியில் வரும் பஞ்சரத்தினத்தைக் கதிர் அறுத்துக்கொண்டே கேட்பவர்கள், பந்தலுக்குள் போனதில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். ‘பாடுறவங்களுக்குத்தான் உள்ளே இடம்’ என்று அம்மா சொல்வாள். உள்ளே பாடுபவர்களுக்கே ஒருகாலத்தில் இடமில்லாதிருந்த கதையை அவளிடம் சொன்னேன். ‘அந்தம்மாவுக்குப் புள்ளைங்க உண்டா?’ என்றுதான் முதலில் கேட்டாள்.

வயிற்றில் பிறந்த வாரிசு அவருக்கும் இல்லை. தம் சொத்தை 1949-இல் உயில் எழுதிச் சமாதிக்கே விட்டார். தேவதாசிகள் உட்படப் பெண்கள் எவரும் அங்கே வழிபடவும் பாடவும் தடுக்கப்படலாகாது என்பது அதில் அவர் வைத்த நிபந்தனை. 1952 மே 19-இல் மறைந்தார். சமாதி வளாகத்திலேயே அவருக்கும் நினைவிடம் உண்டு. கூட்டமில்லாத ஒரு மாலையில் சென்றால் நன்றாகப் பார்க்கலாம்: சுவாமிகளின் சந்நிதியை நோக்கிக் கைகூப்பி அமர்ந்திருக்கும் சிலை அம்மையாருடையது.