கூட்டு மருந்தில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற யெல்லாபிரகடா சுப்பாராவின் குழு அமெரிக்காவில் உருவாக்கிய அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொண்டு, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 1948இல் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளைத் தற்காலிகமாகத் தேற்றிக் காட்டினார். சில மாதங்களிலேயே நோய் திரும்பியது. ஒரே மருந்துக்கு எல்லாப் புற்றுச் செல்களும் மடிவதில்லை. தப்பித்த சில செல்கள் மறுபடியும் பெருகிவிடுகின்றன. வெவ்வேறு வழியில் தாக்கும் மருந்துகளை ஒன்றாகக் கொடுக்கும் முறை 1960களில் வந்தது இதனால்தான். நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டினும் அந்தக் கூட்டில் ஒன்று.

அப்படியானால் இரண்டைவிட மூன்று மருந்து மேல்தானே என்று தோன்றும். தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய் இந்தக் கணக்கைப் பொய்யாக்கியது. கடும் கீமோவைத் தாங்க முடியாத முதியவர்களுக்கு அசாசிட்டிடின் என்ற மருந்தை மட்டும் கொடுத்தபோது இடைநிலை ஆயுள் 9.6 மாதம், வெனெட்டோகிளாக்ஸையும் சேர்த்தபோது 14.7 மாதம் என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. அடுத்து இந்த இரண்டுடன் மக்ரோலிமாப் என்ற மூன்றாவது மருந்து சேர்க்கப்பட்டது. ஆரம்பச் சோதனைகள் நம்பிக்கை தந்தன. ஆனால் மக்ரோலிமாப் பெறாத ஒப்பீட்டுக் குழுவோடு நடந்த பெரிய சோதனையில் பலன் இல்லை, தொற்றாலும் மூச்சுத் திணறலாலும் இறப்பு அபாயம்தான் கூடியது. 2024 பிப்ரவரியில் அதை நிறுத்தினார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால் அந்த மரணங்களையும் நோயின் கணக்கிலேயே எழுதியிருப்போம்.

“உயிருக்குப் போராடுபவரைச் சோதனை எலி ஆக்கலாமா?” என்ற கேள்வி இங்கே ஜொகூர்பாருவிலும் கேட்கும், நியாயமானதும்கூட. ஆனால் இத்தகைய சோதனையில் ஒப்பீட்டுக் குழுவினர் வெறுங்கையோடு விடப்படுவதில்லை. அன்றைய வழக்கமான சிகிச்சை அவர்களுக்கு உண்டு. மக்ரோலிமாப் விஷயத்தில் பிழைக்க அதிக வாய்ப்பிருந்தது அவர்களுக்கே. மேலைநாட்டார் சோதித்து முடிக்கட்டும், நாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற வாதமும் முழுதாக நிற்காது. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தரும் மெர்காப்டோப்யூரின் என்ற மருந்தைத் தாங்கவிடாத ஒரு மரபணு மாற்றம் ஐரோப்பியரைவிட ஆசியரிடம் அதிகம். அங்கே சரியான அளவு இங்கே சிலருக்கு நஞ்சாகலாம்.

நம் பக்கத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்திய ‘மா-ஸ்போர் 2003’ ஆய்வில் லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய் கண்ட 556 குழந்தைகள் பங்கேற்றனர். எலும்பு மஜ்ஜையில் பத்தாயிரத்தில் ஒரு புற்றுச் செல் மிச்சமிருந்தாலும் கண்டுபிடிக்கும் பரிசோதனையை வைத்து, யாருக்கு மருந்தைக் குறைக்கலாம் என்று பிரித்தார்கள். இதயத்தைப் பாதிக்கக்கூடிய ஆந்த்ராசைக்ளின் வகை மருந்து தொடக்கக் கட்டத்தில் விடப்பட்டது. ஆறாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் ஏறத்தாழ 88 விழுக்காடு என 2012இல் அறிவித்தார்கள். மருந்தைக் கூட்டத்தான் சோதனை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதே சமயம், அதிக ஆபத்துப் பிரிவுக் குழந்தைகளில் பாதிப் பேர் அளவுக்கே நோய் திரும்பாமல் தப்பினர். அவர்களுக்கு இன்னும் நல்ல கூட்டு தேவை, அதையும் சோதித்துத்தான் கண்டறிய முடியும்.

ரத்தப் புற்றுநோயின் ஒவ்வொரு வகையும் அரியது. ஒரு மாநிலத்து நோயாளிகளை மட்டும் வைத்து விடை காண முடியாது. பல மருத்துவமனைகள் சேர வேண்டும். மருத்துவர் சோதனையைப் பற்றிப் பேசினால் எடுத்த எடுப்பில் மறுக்காதீர்கள், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தும் போடாதீர்கள். எந்த மருந்தோடு எதை ஒப்பிடுகிறார்கள், எப்போது நிறுத்துவார்கள், நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா என்று கேளுங்கள். விளக்கம் புரியவில்லை என்றால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.