முரண்டு பிடிக்கும் சொற்கள்!

ஆர்.கே.பேட்டையில் காலையில் தறி ஓடத் தொடங்கும்போதே இரண்டு மொழிகளும் ஓடத் தொடங்கிவிடும்.

ஒரு வீட்டில் "வா" என்று கூப்பிடுவார்கள். அடுத்த வீட்டில் "ரா" என்று கூப்பிடுவார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். தமிழில் கேட்டால் தமிழில் பதில். தெலுங்கில் கேட்டால் தெலுங்கில் பதில். இடையில் யோசனை இல்லை. தடுமாற்றமும் இல்லை.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அதிசயம் இருக்கிறது!

உலகத்தில் லட்சக்கணக்கானவர்கள் ஸ்பானிய மொழி படிக்கிறார்கள். அவர்களில் பலர் ஓர் இடம் வந்ததும் முட்டி நிற்கிறார்கள். "இது நமக்கு வராது" என்று புத்தகத்தை மூடிவிடுகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஓர் இடத்தை ஆர்.கே.பேட்டைக் குழந்தை பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தாண்டிவிடுகிறது.

அது எந்த இடம்?

விதிக்கு அடங்காத வினைச்சொற்கள்!

அடங்கிய சொல், அடங்காத சொல்

ஸ்பானிய மொழி ஸ்பெயின் நாட்டில் பிறந்தது. மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை, சுமார் இருபது நாடுகளில் அதுவே அரசாங்க மொழி. அதைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் ஏறக்குறைய 50 கோடி பேர்.

அந்த மொழிக்கு முதல் இலக்கண நூல் 1492-ம் ஆண்டு வெளிவந்தது. எழுதியவர் அந்தோனியோ தெ நெப்ரிஹா. கொலம்பஸ் கடலில் புறப்பட்ட அதே ஆண்டு!

ஸ்பானிய மொழியில் வினைச்சொற்கள் 'ஆர்', 'ஏர்', 'ஈர்' என்று மூன்று விதமாக முடியும். 'ஆப்லார்' என்றால் பேசுதல். 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன். 'ஆப்லாஸ்' பேசுகிறாய். 'ஆப்லா' பேசுகிறான், அல்லது பேசுகிறாள்.

'கந்தார்' என்றால் பாடுதல். அதே விதிப்படி காந்தோ, காந்தாஸ், காந்தா.

தமிழருக்கு இது மிகவும் சுலபம். 'வந்தேன்' என்று சொன்னால் போதும். 'நான்' என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. யார் வந்தது என்பதைச் சொல்லின் கடைசி எழுத்தே காட்டிவிடுகிறது. ஸ்பானிய மொழியிலும் அப்படியேதான்!

இதுவரை வண்டி ஒழுங்காக ஓடும். பிறகுதான் மேடு பள்ளம்.

'ஈர்' என்றால் போதல். 'போகிறேன்' என்பதற்கு 'ஈயோ' என்றுதானே வரவேண்டும்? வராது. 'போய்' என்று வரும்!

ஆம், 'பஸ்' என்பதில் உள்ள 'ப' போல ஒலித்து 'போய்' என்றால், ஸ்பானிய மொழியில் 'போகிறேன்' என்று அர்த்தம். நமது 'போய்' என்ற சொல்லுக்கும் அதற்கும் உறவு கிடையாது. தற்செயலாக அமைந்த ஒற்றுமை. ஆனால், மனத்தில் நிறுத்திக்கொள்ள நல்ல வழி!

'போனேன்' என்பதற்கோ 'ஃபுயி'. முன்பெல்லாம் வழக்கமாகப் போவதுண்டு என்று சொல்ல 'இபா'.

ஈர், போய், ஃபுயி, இபா! ஒரே சொல்லின் உருவங்களா இவை?

பழைய லத்தீன் மொழியில் இவை மூன்று வெவ்வேறு வினைச்சொற்கள். காலப்போக்கில் ஒரே கூரையின் கீழ் குடிவந்துவிட்டன. மூன்று குடும்பம் ஒரு வீட்டில் இருந்தால் ஜாடை வேறு வேறாகத்தானே இருக்கும்?

நம் வீட்டுச் சங்கதி

ஸ்பானிய மொழியைக் குறை சொல்வதற்கு முன் நம் வீட்டைப் பார்க்கலாம்.

போ, போகிறான், போனான். சரி. அப்படியானால் வா, வாகிறான், வானான் என்றல்லவா இருக்கவேண்டும்? யாராவது அப்படிச் சொல்கிறார்களா? வருகிறான், வந்தான் என்கிறோம்.

பாடு, பாடினான். ஓடு, ஓடினான். ஆனால் போடு? போட்டான்!

கொல், கொன்றான். வெல், வென்றான். சொல்? சொன்னான்!

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ்ப் பேரகராதியை வெளியிட்டது. அதில் தமிழ் வினைச்சொற்கள் பத்துக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டா நாம் 'போட்டான்' என்கிறோம்?

ஆர்.கே.பேட்டையில் இந்தச் சுமை இரட்டைச் சுமை. தெலுங்கில் 'ரா' என்றால் வா. 'வந்தான்' என்பதற்கு 'வச்சாடு'. 'வருவான்' என்பதற்கு 'வஸ்தாடு'. 'வரவில்லை' என்றால் 'ராலேது'. 'ரா' எங்கே, 'வச்சாடு' எங்கே! ஸ்பானியக்காரர்களின் 'ஈர், போய்' கூட இதைப் பார்த்து வாய் பிளக்கும்.

பாதிரியார் பட்ட பாடு

நமக்கு சுலபமாக இருப்பது அயலாருக்கு எப்படி இருந்தது?

போர்ச்சுகல் நாட்டுப் பாதிரியார் அன்ரீக் அன்ரீக்கஸ், 1546-ம் ஆண்டு இந்தியா வந்தார். அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். அவருடைய போர்ச்சுகீசிய மொழி, ஸ்பானிய மொழிக்கு உடன்பிறந்த சகோதரி.

அவருக்குத் தமிழ் கற்பிக்கப் பள்ளிக்கூடம் இல்லை. அகராதி அச்சாகவில்லை. லத்தீன் இலக்கணத்தில் வினைச்சொற்களை வரிசைப்படுத்துவதைப்போல, தமிழ் வினைச்சொற்களையும் இறந்தகாலம், எதிர்காலம் என்று தாமே வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டார். அவ்வாறு பிறந்ததுதான், ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம்.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. கடற்கரை மக்களோடு பேசிக்கொண்டே இருந்தார். 1578-ல் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சாயிற்று. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான பழைய புத்தகம் அது. அவருடைய இலக்கணக் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் நகரில் தங்கியது. அதை ஜீன் ஹைன் என்பவரும், தமிழறிஞர் வி.எஸ்.ராஜம் அம்மையாரும் ஆங்கிலத்தில் பெயர்த்து 2013-ல் வெளியிட்டார்கள்.

ஏன் அடங்கவில்லை?

எல்லாச் சொற்களும் விதிக்கு அடங்கும்போது, சில மட்டும் ஏன் முரண்டு பிடிக்கின்றன?

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 2007-ம் ஆண்டு இதை ஆராய்ந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஆங்கில மொழி. பழைய ஆங்கிலத்தில் விதிக்கு அடங்காத 177 வினைச்சொற்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று அவற்றில் 98 மட்டுமே அடங்காமல் இருக்கின்றன. மற்றவை வழிக்கு வந்துவிட்டன. 'ஹெல்ப்' என்ற சொல்லுக்கு இறந்தகாலம் முன்பு 'ஹோல்ப்'. இன்று 'ஹெல்ப்டு'.

எந்தச் சொற்கள் வழிக்கு வந்தன? அதிகம் பேசப்படாத சொற்கள்! அன்றாடம் வாயில் புழங்குகிற சொற்கள் அசையவே இல்லை. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வழங்கும் பத்து வினைச்சொற்களும் விதிக்கு அடங்காதவையே.

காரணம் எளிது. எப்போதோ ஒருமுறை சொல்லும் சொல்லின் பழைய உருவம் மறந்துபோகும். மறந்ததும் நாக்கு பொது விதியைப் பிடித்துக்கொள்ளும். தினமும் நூறுமுறை சொல்லும் சொல் மறப்பதே இல்லை. ஆகவே அது தன் பழைய உருவத்தோடு நிற்கிறது.

வா, தா, போ, இரு, சொல். இவை இல்லாமல் ஒரு நாள் கழியுமா?

தப்பும் அறிவுதான்

ஸ்பானியக் குழந்தைகள் ஒரு தப்புச் செய்வார்கள். 'எனக்குத் தெரியும்' என்பதற்கு அந்த மொழியில் 'சே' என்று சொல்லவேண்டும். குழந்தைகள் 'சாபோ' என்பார்கள். விதிப்படி பார்த்தால் 'சாபோ' என்பதுதான் சரி! குழந்தை விதியைக் கண்டுபிடித்துவிட்டது என்பதற்கு அந்தத் தப்பே அடையாளம். நாளடைவில் கேட்டுக் கேட்டு 'சே' என்று திருத்திக்கொள்ளும்.

ஆனால் இதிலே ஒரு வேதனையும் உண்டு. அமெரிக்காவில் குடியேறிய ஸ்பானிய மொழிக் குடும்பங்களில், பிள்ளைகள் வீட்டு மொழியை அரைகுறையாகப் பேசுகிறார்கள். 'தெரியாது' என்பதற்கு 'நோ சே' என்னாமல் 'நோ சாபோ' என்கிறார்கள். உறவினர்கள் சிரிக்கிறார்கள். 'நோ சாபோ பிள்ளைகள்' என்று பட்டப்பெயர் வைக்கிறார்கள். கேலிக்குப் பயந்த பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. பேசாத வாய்க்கு மொழி எப்படி வரும்?

எல்லைப்புற ஊர்களுக்கு இது நல்ல பாடம். 1960 ஏப்ரல் 1-ந் தேதி, திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. ஆர்.கே.பேட்டையும் அந்தப் பகுதியில் உள்ளதுதான். கோடு மாறியது, வீட்டுப் பேச்சு மாறவில்லை. தெலுங்கு வீட்டுப் பிள்ளை தமிழில் தடுமாறினாலும், தமிழ்ப் பிள்ளை தெலுங்கில் தடுமாறினாலும் சிரிக்கக்கூடாது. சரியான சொல்லை ஒருமுறை சொல்லிக் காட்டினால் போதும்.

படிக்கும் வழி

ஸ்பானிய வினைச்சொல் ஒன்றுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட உருவங்கள் உண்டு. அட்டவணை முழுவதையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்யப் போனால் தலை சுற்றும். அதிகம் புழங்கும் பத்துச் சொற்களை முதலில் பிடிக்கவேண்டும்.

இருக்கிறேன் என்பதற்கு இரண்டு சொற்கள்: இயல்பைச் சொல்ல 'சோய்', இடத்தையும் நிலையையும் சொல்ல 'எஸ்தோய்'. போகிறேன், 'போய்'. கொடுக்கிறேன், 'தோய்'. என்னிடம் இருக்கிறது, 'தெங்கோ'. வருகிறேன், 'பெங்கோ'. செய்கிறேன், 'ஆகோ'. சொல்கிறேன், 'தீகோ'. என்னால் முடியும், 'புவேதோ'. எனக்குத் தெரியும், 'சே'.

கவனித்தீர்களா? சோய், எஸ்தோய், போய், தோய் ஒரு ஜோடனை. தெங்கோ, பெங்கோ ஒன்று. ஆகோ, தீகோ இன்னொன்று. முரண்டு பிடிக்கிறவர்களும் கூட்டம் கூட்டமாகத்தான் நிற்கிறார்கள்!

'புவேதோ' என்பதற்கு ஒரு படமே உண்டு. என்னால், உன்னால், அவனால், அவர்களால் முடியும் என்னும்போது 'புவே' என்று வரும். 'நம்மால் முடியும்' என்னும்போது 'போதேமோஸ்'. குரல் அழுத்தம் விழுந்த இடத்தில் 'ஓ' உடைந்து 'உவே' ஆகிறது. அட்டவணையில், மாறிய உருவங்களைச் சுற்றிக் கோடு இழுத்தால் செருப்பு வடிவம் கிடைக்கும். அதனால் ஆசிரியர்கள் இவற்றைச் 'சபாத்தோ' வினை என்பார்கள். சபாத்தோ என்றால் காலணி. போர்ச்சுகீசியர் மூலம் தமிழில் நுழைந்த 'சப்பாத்து' அதன் உறவுதான். நாம் சொல்லும் 'மேசை' ஸ்பானிய மொழியில் 'மேசா'.

ஸ்பெயின் அரசின் மொழி நிலையம் புதுடெல்லியில் இருக்கிறது. செர்வாண்டெஸ் என்ற எழுத்தாளரின் பெயரைத் தாங்கியது. 'தெலே' என்ற தேர்வுக்கு ஆறு படிகள் உண்டு. வெளிநாட்டு வேலைக்கும் மேல்படிப்புக்கும் அந்தச் சான்றிதழ் உதவும்.

முதல் நாள் ஒரு சொல். அந்தச் சொல்லை வைத்துப் பத்து வாக்கியம். வீட்டில் ஒருவர் கேட்க, ஒருவர் பதில் சொல்ல வேண்டும். மறுநாள் அடுத்த சொல்.

எழுத்தே தெரியாத பாட்டியும் 'போட்டான்' என்பதைப் 'போடினான்' என்று சொன்னதில்லை. அவரும் இலக்கணம் கற்றவர்தான். அவருக்குப் பள்ளிக்கூடம், வாய்!