ஓய்ந்த எரிவாயுத் தொட்டிக்கு மறுவாழ்வு

குளிர்காலம் நீண்டு நிலைக்கும் அமெரிக்க வடகிழக்கு மாநிலங்களான வெர்மான்ட், மெய்ன் போன்றவற்றில், விறகுக் கொதிகலனால் வீட்டைச் சூடாக்குவோர் பலர், பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட புரோப்பேன் தொட்டிகளைத் தேடி வாங்கி வெந்நீர்ச் சேமிப்புக் கலன்களாக மாற்றிக்கொள்கின்றனர். விறகிலிருந்து எழும் வாயுவையும் சேர்த்து எரிக்கும் வாயுவாக்கக் கொதிகலன், முழு வீச்சில் எரியும்போதுதான் புகையின்றி இயங்கும் என்பதால், ஒரே மூச்சில் கிடைக்கும் வெப்பத்தை நீரில் தேக்கி வைப்பது அவசியமாகிறது. 500 கேலன் தொட்டிகள் இரண்டை இணைத்தால் ஏறத்தாழ 3,785 லிட்டர் நீர் கொள்ளும். அந்நீர் 60 பாகை செல்சியசிலிருந்து 85 பாகைக்கு உயரும்போது சுமார் 110 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் அதில் சேர்கிறது.

சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு அழுத்தம் தாங்குமாறு செய்யப்பட்ட இத்தொட்டிகளுக்கு, வழக்கமாக 30 பவுண்டில் காப்பு வால்வு திறந்துகொள்ளும் வெந்நீர்ச் சுற்று பெரும் சுமையன்று. எரிவாயு விநியோகிப்போரின் கிடங்குகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் இவை கிடைக்கின்றன. எனினும் வீட்டு முற்றங்களில் நிற்பவற்றுள் பல வாடகைத் தொட்டிகளாதலால், விற்பவருக்கு உரிமை உண்டா என்பதை உறுதி செய்தபின்பே பணம் கொடுக்க வேண்டும். வெந்நீரைத் தேக்க, இவற்றைவிட ரப்பர் விரிப்பிட்ட திறந்த தொட்டியே மலிவு என்போரும் உண்டு.

ஆனால் விலையைவிடக் கவலைக்குரியது, 'காலி' என்று சொல்லி விற்கப்படும் தொட்டிக்குள் தங்கியிருக்கும் வாயுவாகும். காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமான புரோப்பேன், வால்வைத் திறந்துவிட்டாலும் அடியிலேயே தேங்கக்கூடியது. காற்றில் அதன் அளவு சுமார் 2 முதல் 9.5 விழுக்காட்டுக்குள் இருந்தால் ஒரு தீப்பொறியே வெடிப்புக்குப் போதும். கசிவை உணர்த்துவதற்காகச் சேர்க்கப்படும் எத்தில் மெர்கேப்டன் என்னும் நாற்றப்பொருளை உட்புறத் துரு சிதைத்துவிடக்கூடும் என்பதால், நாற்றம் இல்லாமையை வாயு இல்லாமைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

ஆகவே, தொட்டியை விளிம்புவரை நீரால் நிரப்பி வாயுவை வெளியேற்றி, வாயு அளவிடும் கருவியால் சோதித்து, அழுத்தக் கலன்களில் வெல்டிங் செய்யத் தகுதிச் சான்று பெற்றவரிடம் ஒப்படைப்பதே முறையாகும். புதிய கலன் வாங்காததால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை இப்பணிக்கென ஒதுக்க மனமில்லாதோர், பழைய தொட்டியைத் தேடிப் புறப்படாமல் இருப்பதே நல்லது.