ஆறு பேர் கூடிய வழிப்பயணம்

மாத்தளை முதலிய மலையக மாவட்டங்களின் தோட்டங்களில் மாசித் திங்களிற் காமன் கூத்து ஆடுவது நெடுநாள் வழக்கம். நேற்றுவரை கவ்வாத்துக் கத்தி பிடித்தவர் இன்று மதனாக நிற்பார். ரதியாக இன்னொருவர் வருவார். சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிவான் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். வேடம் நம்முடையது, முடிவோ முன்னரே விதிக்கப்பட்டது.

முடிவையும் வேடதாரிகளிடமே விட்டுவிடும் விளையாட்டொன்று 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் ஆக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதே அது. மேசையைச் சுற்றி அமர்வோரில் ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் வீரர், மந்திரவாதி, கள்வர் என வேடமேற்பர். ஓங்கிய வாள் பட்டதா, தவறியதா என்பதை இருபது முகப் பகடை தீர்க்கும்.

இதனைக் கணினிக்குள் கொணர்ந்த ஆக்கங்களுள் 1998 டிசம்பரில் வந்த 'பால்டர்ஸ் கேட்' தனிச்சிறப்புடையது. கனடாவில் மருத்துவர்கள் சிலர் 1995இல் தொடங்கிய பயோவெயர் நிறுவனம் அதனை ஆக்கிற்று. இங்கே பகடை உருட்டுவதும் கதை நடத்துவதும் கணினியின் வேலை. ஆடுபவரோ தனியொருவராக ஆறு பேர் கொண்ட கூட்டத்தை வழிநடத்த வேண்டும்.

நூலகக் கோட்டையொன்றில் வளர்ந்த அநாதைப் பிள்ளை, வளர்ப்புத் தந்தையைக் கொலைஞனிடம் பறிகொடுத்துத் தெருவில் நிற்பதோடு கதை தொடங்குகிறது. நாட்டிலோ இரும்பு நொறுங்கும் நோய். கையிலுள்ள வாள் சண்டை நடுவே முறியும். கவசத்தின் எண் குறையக் குறையக் காப்பு மிகும் என்னும் விதி, கணக்கில் வல்லவரையும் சற்றே திகைக்க வைக்கும். தொடக்கநிலை மந்திரவாதி ஒரு நாளைக்கு ஒரு மந்திரமே ஓதுவார். ஓதியபின் உறங்கி எழுந்தாலன்றி மறுபடி இயலாது.

துணைவர் வெறும் படைக்காய்களல்லர். காலித் என்பவரும் ஜஹீராவும் கணவன் மனைவி. ஒருவரை அனுப்பிவிட்டால் மற்றவரும் உடன் செல்வார். மின்ஸ்க் என்னும் வீரனுக்குத் தன் தலைவி டைனஹீரைச் சிறைமீட்க வேண்டும், காலந்தாழ்த்தினால் வெகுண்டெழுவான். கூட்டத்தின் நற்பெயர் மிக உயர்ந்தால் தீயவர் சலித்து விலகுவர். மிகத் தாழ்ந்தால் நல்லவர் விலகுவர். அனைவரையும் ஒருங்கே மகிழ்விக்க வழியில்லை. குடும்பம் நடத்துவோர்க்கு இது புதிதன்று.

மாண்ட துணைவரைக் கோயிலிற் காணிக்கை செலுத்தி எழுப்பலாம். உடல் சிதறிப் போயிருப்பின் அதுவும் இயலாது. ஆடுவோர் பலர் அவ்வேளையில் முன்பு சேமித்த இடத்திற்கே திரும்பி, நடந்ததை நடவாததாக்கி விடுவர். ஆட்டம் அதனைத் தடுப்பதில்லை. ஆயினும் அவ்வாறு செய்வோர் காமன் கூத்தின் பார்வையாளரைப் போன்றவரே. முடிவு அவர்க்கு முன்னரே தெரிந்துவிடுகிறது. இழப்பை ஏற்று நடப்பவர்க்கே இவ்விளையாட்டின் முழுச்சுவையும் கிட்டும்.

2012இல் இது புதுக்கப்பட்டு, பின்னர் கைபேசிக்கும் வந்தது. 2023இல் பெல்ஜியத்து லாரியன் நிறுவனம் மூன்றாம் பாகத்தை வெளியிட்டது. புதியதில் எழிலும் குரலும் மிகுதி. பழையதிலோ, மாண்டவரின் வாளும் பையும் தரையிற் கிடக்கும். எஞ்சிய ஐவரும் அவற்றைப் பங்கிட்டுச் சுமக்க வேண்டும். சுமை மிகுந்தால் நடை தளரும்.