மிச்சம் வைத்த மாத்திரை, கைமாறும் மரபணு: மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகும் விதம்

கேமரன் மலையில் மழையும் குளிரும் சேர்ந்துவிட்டால், தேயிலைத் தோட்டத்து லயங்களில் இருமலும் காய்ச்சலும் வீட்டுக்கு வீடு வந்து போகும். கிளினிக்குக்குப் போக வேண்டுமென்றால் ஒரு நாள் வேலை போகும். வண்டியும் கிடைக்க வேண்டும். அதனால், போன தடவை கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரையில் மிச்சமிருக்கும் பாதி அட்டையைத் தேடி எடுப்பது பல வீடுகளில் நடப்பதுதான். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் நான்கு மாத்திரையைக் கிள்ளிக் கொடுப்பதும் உண்டு.

நல்ல மனத்தோடு செய்யும் உதவிதான். ஆனால், இதே போன்ற கொடுக்கல் வாங்கல் நம் குடலுக்குள் இருக்கும் பாக்டீரியாக்களிடையேயும் நடக்கிறது. அவை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்வது மருந்தை அல்ல. மருந்தை வெல்லும் வித்தையை.

"அடிக்கடி மருந்து சாப்பிட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும்" என்று சொல்வது வழக்கம். பழகுவது உடம்பு அல்ல, கிருமி. அதுவும் ஒவ்வொரு கிருமியும் தானாகவே கற்றுக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பக்கத்தில் இருக்கும் கிருமியிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம்.

கைமாறும் நோட்டுப் புத்தகம்

பாக்டீரியாவின் வாழ்க்கைக்குத் தேவையான மரபணுக்கள் பெரும்பாலும் அதன் முதன்மை டி.என்.ஏ.வில் இருக்கும். அதைத் தவிர, பல பாக்டீரியாக்களில் வளையம் போன்ற சிறு டி.என்.ஏ. துண்டுகளும் உண்டு. இவற்றுக்குப் பிளாஸ்மிட் என்று பெயர். அமெரிக்க விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பெர்க் 1952-இல் சூட்டிய பெயர் இது.

முதன்மை டி.என்.ஏ.வை வீட்டுப் பத்திரம் என்று வைத்துக்கொண்டால், பிளாஸ்மிட் ஒரு சமையல் குறிப்பு நோட்டு. வீட்டுப் பத்திரத்தை யாரும் கடன் கொடுப்பதில்லை. நோட்டைப் பிரதி எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். பாக்டீரியாவும் அப்படித்தான்: இன்னொரு பாக்டீரியாவோடு ஒட்டிக்கொண்டு, பிளாஸ்மிட்டின் ஒரு பிரதியை அதற்குள் அனுப்புகிறது. தன்னிடமும் ஒன்றை வைத்துக்கொள்கிறது. வாங்குவது வேறு இனக் கிருமியாகவும் இருக்கலாம்.

இதன் விளைவு 1950-களில் ஜப்பானில் தெரிந்தது. அங்கே சீதபேதிக் கிருமி சல்பா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்பெனிகால், டெட்ராசைக்ளின் ஆகிய நான்கு மருந்துகளுக்கும் ஒரே சமயத்தில் அடங்காமல் போனது. நான்கையும் அது தனித்தனியாகக் கற்கவில்லை. குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலி பாக்டீரியாவிலிருந்து நான்கும் ஒரே தொகுப்பாக அதற்குப் போக முடியும் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

தாவும் தாள், ஒட்டும் பக்கம்

ஒரே நோட்டில் இத்தனை குறிப்புகள் எப்படிச் சேர்ந்தன? இங்கேதான் தாவும் மரபணுக் கூறுகள் வருகின்றன. இவை நோட்டில் தைக்கப்படாத தாள் போன்றவை. ஓரிடத்திலிருந்து கழன்றோ, பிரதியாகியோ வேறு பிளாஸ்மிட்டில் போய் அமரும். போகும்போது பக்கத்திலுள்ள மரபணுவையும் இழுத்துச் செல்லும். மரபணு தாவும் என்பதைச் சோளப் பயிரில் முதலில் கண்ட பார்பரா மெக்ளின்டாக் 1983-இல் நோபல் பரிசு பெற்றார்.

இரண்டு பிளாஸ்மிட்டுகளில் ஒரே மாதிரியான பகுதி இருந்தால், அந்த இடத்தில் இரண்டும் வெட்டி ஒட்டப்பட்டு ஒன்றாகலாம். இதை மறுசேர்க்கை என்பார்கள். இரண்டு நோட்டுகள் ஒரே தடித்த நோட்டாகிவிடும்.

சென்னையில் பதிவான சான்று

இதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. என்.டி.எம்-1 என்ற மரபணு, மருத்துவமனைகளில் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கார்பாபெனெம் வகை மருந்துகளை முறியடிக்கும். இதுபற்றி 2010-இல் வெளிவந்த ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அந்த ஆய்வு சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிருமி மாதிரிகளில் இந்த மரபணுவைப் பதிவு செய்தது.

கவனிக்க வேண்டியது இதுதான்: ஹரியானாவின் மாதிரிகள் ஒரே வம்சத்துக் கிருமிகள். சென்னை மாதிரிகள் அப்படியல்ல, பலவகைப்பட்டவை. அவற்றிலிருந்த பிளாஸ்மிட்டுகள் எளிதாகக் கைமாறக்கூடியவை. அதாவது, சென்னையில் பரவியது ஒரு கிருமி மட்டுமல்ல, ஒரு மரபணு.

கோழிப் பண்ணையிலிருந்து மனிதருக்கு

கோலிஸ்டின் என்ற பழைய மருந்தும் இன்று கடைசி ஆயுதங்களில் ஒன்று. அதே மருந்தைப் பல நாடுகளில் கோழி, பன்றித் தீவனத்திலும் கலந்தார்கள். அதை எதிர்க்கும் எம்.சி.ஆர்-1 மரபணு பிளாஸ்மிட்டில் இருப்பதை 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் அறிவித்தனர். உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகள் 804-இல் 166-இல் அது இருந்தது. மருத்துவமனை நோயாளிகளின் 1,322 மாதிரிகளில் 16-இல் இருந்தது. அடுத்த ஆண்டே மலேசியாவிலும் இந்த மரபணு பதிவானது.

இந்த மரபணுவின் இருபுறமும் தாவும் கூறுகள் இரண்டு நின்று, பல்லக்குத் தூக்கிகளைப் போல அதைப் பிளாஸ்மிட்டில் கொண்டுவந்து இறக்கின. பல பிளாஸ்மிட்டுகளில் தூக்கிகள் பிறகு மறைந்துவிட்டன. மரபணு மட்டும் அங்கேயே குடியேறிவிட்டது.

தடை போட்டால் பலன் உண்டா? உண்டு. சீனா 2017-இல் தீவனத்தில் கோலிஸ்டினை நிறுத்தியது. குவாங்சோ நகரில் 2016-இல் 14.3 விழுக்காட்டினரிடம் காணப்பட்ட எம்.சி.ஆர்-1 ஈ.கோலி, 2019-இல் 6.3 விழுக்காடாகக் குறைந்தது. மலேசியாவும் உணவுக்கான விலங்குகளில் கோலிஸ்டினை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது.

தோட்டத்து வீட்டில் செய்யக்கூடியது

கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் கோழி எரு புழங்கும் பொருள். லயத்தின் பின்கட்டில் கீரை போடுவோரும் அதைப் பயன்படுத்தலாம். எருவில் கோழிக் குடலின் பாக்டீரியாவும் அதன் பிளாஸ்மிட்டும் இருக்கும். பச்சை எருவைப் போடாமல், குவித்துச் சூடேறி நன்றாக மட்கிய பின் போடுவது நல்லது. எருவைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பச்சையாகச் சாப்பிடும் காய்கறிகளை ஓடும் நீரில் அலச வேண்டும்.

இனி அந்தப் பாதி அட்டைக்கு வருவோம். சளி, இருமல் பெரும்பாலும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. ஆனால், குடலில் உள்ள பாக்டீரியாவைத் தாக்கும். அங்கே பல மருந்துகளுக்கு எதிரான பிளாஸ்மிட் உள்ள பாக்டீரியா ஒன்று இருந்தால், மற்றவை சாக, அது மட்டும் பெருகும். சாப்பிட்டது சாதாரண மாத்திரைதான். ஆனால், நோட்டு முழுவதும் சேர்ந்தே பெருகுவதால், கடைசிக் கட்ட மருந்தை வெல்லும் குறிப்பும் கூடவே பெருகிவிடுகிறது. நாளை பிரசவத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ மருத்துவமனையில் படுக்கும்போது, அந்தக் கடைசி மருந்துதான் தேவைப்படலாம்.

1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்படி, மலேசியாவில் ஆன்டிபயாடிக் மருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும். பிறருக்குக் கொடுக்கக் கூடாது. மிஞ்சியதை வீட்டுக் கோழிக்கும் வைக்கக் கூடாது. அரசாங்க மருத்துவமனை அல்லது சுகாதாரக் கிளினிக்கின் மருந்தகத்தில் திருப்பி ஒப்படைக்கலாம்.

பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுக்கலாம், கறிவேப்பிலை கொடுக்கலாம். காய்ச்சல் என்று கேட்டு வந்தால், மாத்திரையைக் கொடுப்பதைவிட கிளினிக்குக்குக் கூடப் போய் வருவதே பெரிய உதவி.