ஆமணக்கம் பிண்ணாக்கும் கால்நடைகளும்

விளக்கெண்ணெய் மருந்தாக உதவுகிறது. அதே வித்தின் பிண்ணாக்கோ மாட்டைக் கொல்ல வல்லது. இப்பேதத்தின் காரணத்தைக் குடியானவர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

ஆமணக்கு வித்தில் ரைசின் என்னும் நச்சுப் புரதம் உளது. அது எண்ணெயில் கரையாது. ஆட்டும்போது பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. 1888-ம் வருஷத்தில் டோர்பாட் சர்வகலாசாலையில் ஸ்டில்மார்க் என்பவர் இவ்வித்தின் சத்தை இரத்தத்தோடு கலந்து, சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளக் கண்டார். குறித்ததொரு சர்க்கரையைத் தெரிந்து பற்றும் இத்தகைய புரதங்களுக்கு 1954-ல் லெக்டின் என்று பெயரிடப்பட்டது.

பிராணிகளின் உயிரணுக்களுடைய மேற்புறத்தில் பலவகைச் சர்க்கரைகள் சங்கிலிபோற் கோக்கப்பட்டுள்ளன. ரைசினின் ஒரு பகுதி அவற்றுள் காலக்டோஸ் என்பதைப் பற்றிக்கொள்ளுகிறது. பற்றிய நஞ்சை அணு உள்ளே இழுத்துக்கொள்ளுகிறது. பின்னர் மற்றப் பகுதி, அணுவுக்குள் புரதம் உண்டாக்கும் ரைபோசோம்களைக் கெடுத்துவிடுகிறது. புரதமின்றி அணு மடிகிறது.

இவ்வாறு பற்றுதல் தீமைக்கே உரியதன்று. பிராணிகளின் உடலிலும் லெக்டின்கள் உள. ஆஷ்வெல், மோரல் என்னும் அமெரிக்க அறிஞர்கள் ஆராய்ந்த ஈரல் லெக்டின், காலக்டோஸ் வெளிப்பட்ட புரதங்களை இரத்தத்தினின்று அகற்றுகிறது. மாட்டின் இரத்தத்திலுள்ள காங்குளூட்டினின், கிருமிகளின் மேலுள்ள மானோஸ் முதலிய சர்க்கரைகளைப் பற்றி அவற்றை ஒழிக்கத் துணைசெய்கிறது. உடலைக் காக்கும் முறையையே நஞ்சும் கையாளுகிறது.

நஞ்சின் குறிகள் உடனே தோன்றா. சில மணி நேரம் முதல் சில தினங்கள் வரை தாமதிக்கலாம். ஆகையால், பிண்ணாக்கைத் தின்ற மாடு நலமாய்த் தோன்றினும் வாளாவிருத்தல் கூடாது. தீனி வெறுத்தல், சோர்வு, இரத்தங் கலந்த கழிச்சல் ஆகியவை காணும். இதற்கென்று மாற்று மருந்து இல்லை. கால்நடை வைத்தியரைத் தாமதமின்றி அழைத்தால், உடல்நிலைக்கேற்ற சிகிச்சையேனும் அளிக்கலாம். குதிரைகள் இந்நஞ்சுக்கு மிக எளிதில் இரையாகும்.

வெந்நீரிலும் நீராவியிலும் ரைசின் கெடக்கூடுமாயினும், வீட்டில் வேகவைப்பதால் முற்றும் நீங்கிற்றென்று நிச்சயிக்க இயலாது. எனவே இப்பிண்ணாக்கைத் தீவனமாகக் கொடுத்தலாகாது. நூற்றுக்கு 4 முதல் 5 பங்கு வரை தழைச்சத்துள்ள இது, நிலத்துக்கு நல்ல எருவாகும். அவ்வாறு பயன்படுத்துவோர் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவேண்டும்:

1. கடலை, எள்ளுப் பிண்ணாக்குகளோடு சேர்த்து வைக்கலாகாது.

2. ஆமணக்கு ஆட்டிய செக்கைச் சுத்தம் செய்யாமல் தீவனத்துக்கான வித்துக்களை ஆட்டலாகாது.

3. இது இருந்த சாக்குகளில் தீவனம் நிரப்பலாகாது.

4. வயலில் இட்டவுடன் மண்ணால் மூடவேண்டும். நாய்களும் இதைத் தின்று இறப்பதுண்டு.

கிராம அதிகாரிகள் இவற்றைக் கால்நடை வைத்திருப்போர் யாவருக்கும் எடுத்துரைப்பார்களாக. ஒரு மூட்டையை வேறிடத்தில் வைக்கும் சிறு பிரயாசையால் ஓர் உழவு ஜோடி உயிர் பிழைக்கலாம்.