சர்க்காருக்கு எதற்கு?

2011ஆம் ஆண்டு, பாறசாலையை அடுத்த எங்கள் ஊருக்குக் கணக்கெடுப்பாளர் வந்தார், நான் சிறுவன். "தாய்மொழி?" என்றார். "வீட்டுல பேசுறது சர்க்காருக்கு எதுக்கு மக்களே?" என்று பாட்டி சினந்தார்.

நியாயமான சினமே. வழக்கம் தடுத்தால், பெண் தன் கணவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டமே கூறுகிறது. விடைகளைப் பிறர் பார்வையிடவும் இடமில்லை.

ஆனால் மொழிக் கேள்வி வேறு. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர முயலுமாறு கூறும் அரசியலமைப்பின் 350அ பிரிவும் அவ்வாண்டே சேர்க்கப்பட்டது. அதைக் கேட்டுப் பெற எண்ணிக்கை வேண்டாமா? பள்ளியில் பயின்ற மொழியன்று, குழந்தையிடம் அன்னை பேசிய மொழியே தாய்மொழி என்பது கணக்கெடுப்பின் விதி.

பாட்டி ஒரு சொல்தான் சொன்னார்: "தமிழ்." நாமும் தயங்காது சொல்வோம்!